முப்பத்தேழாவது இலை

ஆற்றுக்கு நடுவே ஒரு மணல் திட்டு. திட்டின்மேல் ஒரு மடம். மடத்தில் முப்பத்தாறு பெண்கள். அவர்களுக்குக் குரு வடிவம்மை. அந்த முப்பத்தாறில் அவளும் ஒருத்தி.

வடிவம்மைக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவளுடைய மூத்த சீடர் உமையாளுக்கோ ஐம்பது தாண்டிவிட்டது. சீடர் குருவை ‘அம்மை’ என்பாள். குரு சீடரை ‘அக்கா’ என்பாள். கேட்டுக் கேட்டுப் பழகியதால் யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

பந்தி போடுவது உமையாளின் பொறுப்பு. அந்த மடத்துப் பந்திக்கு ஒரு வழக்கம் இருந்தது. எத்தனை வரிசையோ அத்தனை சட்டி. எல்லாச் சட்டியிலும் ஒரே அளவுச் சோறு. ஒரு சட்டி ஒரு வரிசைக்கு மட்டும்தான். அதனால் வரிசைகள் சமமாக இருந்தே ஆகவேண்டும். ஒன்றில் ஆள் கூடிவிட்டால் அந்த வரிசைக்காரர்கள் அரை வயிற்றோடு எழுந்திருக்க வேண்டியதுதான்.

முப்பத்தாறு என்றால் உமையாளுக்கு உயிர். சாதாரண நாளில் ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு பேர். மழை பெய்து கூடத்தில் ஒரு பக்கம் ஒழுகினால் நாலு வரிசை, வரிசைக்கு ஒன்பது. வாசலோடு நீளமாகப் போடுவதானால் மூன்று வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு. “கடலை மிட்டாய் மாதிரி அம்மை, கோடு போட்ட இடத்துல அப்படியே உடையும்” என்று சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுவாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலைப் படகில் ஒருத்தி வந்து இறங்கினாள். பேர் பேராச்சி. இடுப்பில் ஒரு ஆண் குழந்தை, கையில் ஒரு துணிமூட்டை.

“அவுக தவறிட்டாக அம்மை. மாமியா வீட்டுல ஏற்கெனவே நாலு மருமக்கமாரு. நான் அதிகப்படின்னுட்டாக” என்றாள். அழவில்லை. பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “இங்கன ஒரு எடம் கெடைச்சா இருந்துக்கிடுதேன்.”

வடிவம்மை ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையைக் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். தன்னுடைய காலைக் கஞ்சிக் கலயத்தைப் பேராச்சி பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“உமையாக்கா, சாயங்காலம் இவளுக்கும் சேத்து இலை போடுங்க.”

உமையாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அம்மை, இவளையும் சேத்தா முப்பத்தேழு.”

“சரி.”

“முப்பத்தேழு உடையாது அம்மை.”

“உடைச்சுப் பாத்தீங்களா?”

“பாக்கணுமா? உடையாதுன்னு முகத்துலயே எழுதியிருக்கே.”

படகுக்காரர் மாடக்கண்ணு கயிற்றைக் கட்டிவிட்டுப் படியேறி வந்தார். பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்திருந்தது. “என்னவும் செய்யுங்க தாயி. பொழுது சாயும்போது கடைசிப் படகு. இந்தப் புள்ள திரும்பி வருதா, இல்லையா? அதுக்குள்ள சொல்லிடணும். இருட்டுல நான் துடுப்புப் போட மாட்டேன்.”

“எடம் இல்லன்னா வந்துருதேன் அண்ணாச்சி. அக்கரையில துறைக் கொட்டகை இருக்குல்லா, அங்கன படுத்துக்கிடுதேன்” என்றாள் பேராச்சி.

உமையாளுக்குச் சுருக்கென்றது. அந்தக் கொட்டகைக்குக் கூரை பாதிதான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

“இருடி, இரு. பாத்துடுவோம்” என்றாள்.

கூடத்து மூலையிலிருந்து இலைகளை அள்ளிக்கொண்டு வந்தாள். மந்தாரை இலையை ஈர்க்கால் தைத்து, ஒரே பானையின் வாயில் வைத்து வெட்டின வட்ட இலைகள். ஒன்றுக்கொன்று ஒரு நூல்கூட வித்தியாசம் இருக்காது. முப்பத்தேழை எண்ணி எடுத்துக்கொண்டாள். கூடத் தரையில் இரண்டு வரிசையாகப் பரப்பினாள். பதினெட்டு, பதினெட்டு.

“மிச்சம் ஒண்ணு” என்று ஒரு இலையைப் பேராச்சி கையில் கொடுத்தாள்.

மூன்று வரிசை. பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு. மிச்சம் ஒன்று. நாலு வரிசை. ஒன்பது ஒன்பதாக. மிச்சம் ஒன்று. ஐந்து வரிசை போட்டாள். ஏழு ஏழாக. கையில் இரண்டு நின்றது.

“பாத்தியா, ரெண்டு நிக்கிறதுக்கு ஒண்ணு நின்னதே தேவல” என்றாள் உமையாள்.

ஆறு வரிசை. ஆறு ஆறாக. மறுபடியும் ஒன்று.

ஒவ்வொரு தடவையும் அந்த ஒன்று பேராச்சியின் கைக்குத்தான் போயிற்று. அவள் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள். நடையில் போகிறவர்களுக்கெல்லாம் வழிவிட்டாள்.

“ஏழும் பாருங்கக்கா.”

“ஏழுக்குப் போக வேண்டாம். ஏழேழு நாப்பத்தொம்பது, முப்பத்தேழைத் தாண்டிப் போயிருது. வரிசை ஏழாச்சுன்னா, வரிசைக்கு ஆள் ஏழுக்குக் கொறைஞ்சுதான் வரும். அந்தச் சின்ன எண்ணையெல்லாம் இப்பத்தானே பாத்தோம். திருப்பிப் போட்டா அதேதான்.” உமையாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “ரெண்டே வழிதான் இருக்கு. ஒண்ணு, முப்பத்தேழு பேரும் ஒரே வரிசை. இல்ல, ஆளுக்கொரு வரிசை.”

வாசல்படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த மாடக்கண்ணு சிரித்தார். “ஒரே வரிசைன்னா கடைசி நாலு பேரு ஆத்துக்குள்ளல்லா உக்காரணும். சாப்பிட்ட கையோட அப்படியே கழுவிக்கிடலாம்.”

“ஆளுக்கொரு வரிசைன்னா முப்பத்தேழு சட்டி வேணும் அண்ணாச்சி. கழுவ நீரு வாரீரா?”

அவர் வெற்றிலையை மென்றபடி வேறு பக்கம் பார்த்தார்.

உமையாள் குழந்தையை ஒரு பார்வை பார்த்தாள். அது வடிவம்மையின் கொண்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

“ஏ பேராச்சி, இவனையும் ஒரு ஆளா எண்ணிட்டா? முப்பத்தெட்டு. ரெண்டு வரிசை, பத்தொம்பது பத்தொம்பது. நல்லா உடையுதே.”

“அவனுக்குப் பல்லே மொளைக்கலக்கா. அவன் சோத்தை யாரு திங்க?”

“நீ தின்னு.”

“அப்ப என் இலையில ரெண்டு பங்குல்லா விழும்? மத்தவுக இலை?”

உமையாள் தரையில் கிடந்த இலைகளைச் சேர்த்து அடுக்கினாள். இந்தப் பெண் லேசுப்பட்டவள் இல்லை என்று தோன்றியது. நேரே வடிவம்மையிடம் போனாள்.

“அம்மை, ஒரு யோசனை. தெனமும் ஒருத்தி விரதம் இருப்போம். முறை வச்சு. பந்தியில முப்பத்தாறுதான் நிக்கும். உடம்புக்கும் நல்லது.”

“நல்ல யோசனைதான் அக்கா. இன்னைக்குக் காலையில நான் இருந்து பாத்தேன்.”

“எப்படி இருந்துச்சு?”

“பசிக்குது.”

உமையாள் திரும்பி வந்துவிட்டாள்.

வெயில் ஏறிற்று. உமையாளுக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பந்தியைத்தான் உடைக்க முடியவில்லை, உலையாவது வைக்கவேண்டுமே என்று அடுப்படிக்குப் போய், எத்தனை கரண்டிச் சோறு வேண்டும் என்று கணக்குப் போட உட்கார்ந்தாள். ஆளுக்கு ஒரு கரண்டி என்றால் முப்பத்தேழு. இரண்டு என்றால் எழுபத்துநாலு. மூன்று என்றால்… வாசல் மணலில் விரலால் எழுதிப் பார்த்தாள்.

111.

விரல் அப்படியே நின்றது. அழித்துவிட்டு மறுபடி கூட்டினாள். மறுபடியும் மூன்று ஒன்றுகள், ஒரே உயரத்தில் நின்றன.

“பேராச்சி, இங்கன வா.”

பேராச்சி இலையோடு ஓடிவந்தாள்.

“ஆளுக்கு மூணு கரண்டின்னா நூத்திப் பதினொண்ணு. பாரு.”

“அழகா இருக்கேக்கா. ஆறு கரண்டின்னா?”

எழுதினார்கள். 222.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேராச்சி முந்திக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். ஒன்பது கரண்டிக்கு 333. பன்னிரண்டுக்கு 444. உமையாளுக்குக் கை பரபரத்தது. அவள் ஒன்று எழுத, இவள் ஒன்று எழுத, மணல் போதவில்லை. முட்டி போட்டபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து எழுதினார்கள். பதினைந்து, பதினெட்டு, இருபத்தொன்று, இருபத்துநாலு. இருபத்தேழு கரண்டிக்கு 999 என்று முடிந்தபோது இரண்டு பேரும் கிணற்றடியை முட்டிவிட்டார்கள்.

“ஆளுக்கு இருபத்தேழு கரண்டியா? யாரு திம்பா?” என்றார் மாடக்கண்ணு.

“நீரு திம்பீரு” என்றாள் உமையாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பேராச்சியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

சிரிப்பு அடங்கியதும் உமையாள் மணலைப் பார்த்தாள். காலையில் முப்பத்தேழு என்றால் ஒரு முரட்டு மாடு மாதிரி இருந்தது. எந்தப் பக்கமிருந்து போனாலும் முட்டிற்று. இப்போது என்னவென்றால், மூன்று மூன்றாகக் கூப்பிட்டால் சொன்னபடி வந்து நிற்கிறது. இத்தனை அழகான ஒன்றுக்குப் பந்தியில் உட்கார மட்டும் ஏன் வழி இல்லை? நிழல் கிழக்கே நீண்டிருந்தது. மாடக்கண்ணு எழுந்து போய்ப் படகில் தேங்கியிருந்த தண்ணீரை இறைக்க ஆரம்பித்திருந்தார். அந்தச் சத்தம் கேட்டதும் அவள் கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

நேரே வடிவம்மையிடம் போய் நின்றாள். குழந்தை குருவின் தோளில் தூங்கிப்போயிருந்தது. குருவின் சேலை இடுப்புப் பக்கம் நனைந்திருந்தது.

“அம்மை, எனக்கு வழி தெரியல. எந்த வரிசையிலயும் சேராத ஒரு ஆளுக்கு எந்தச் சட்டியில இருந்து சோறு போடுறது?”

வடிவம்மை எழுந்தாள். பேராச்சியின் கையில் இருந்த அந்த ஒற்றை இலையை வாங்கினாள். முற்றத்தின் நடுவுக்குப் போய், மணலில் அதை வைத்தாள்.

“இதைத் தொட்டாப்புல சுத்தி வையுங்க அக்கா.”

அவ்வளவுதான் சொன்னாள். குழந்தையோடு மறுபடி போய் உட்கார்ந்துவிட்டாள்.

உமையாள் ஒரு இலையை அதன் விளிம்பு தொடும்படி வைத்தாள். அதற்குப் பக்கத்தில், இரண்டையும் தொட்டாற்போல இன்னொன்று. மூன்று. நாலு. ஐந்து வைத்ததும் ஒரு சந்து தெரிந்தது. அதில் ஆறாவதை வைத்தாள். இந்தப் பக்கத்து இலையையும் அந்தப் பக்கத்து இலையையும் நடு இலையையும் ஒருசேரத் தொட்டுக்கொண்டு, அளந்து வெட்டின மாதிரி உட்கார்ந்தது. ஒரு ஈர்க்குகூட நுழைய இடமில்லை.

“ஆறு” என்றாள். “பேராச்சி, அடுத்த சுத்து.”

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக மண்டி போட்டு வைத்துக்கொண்டு போனார்கள். முட்டிக்கொள்கிற இடத்தில் ஒரு சந்து இருந்தது. ஒரே ஒரு இலைக்கான சந்து. வைத்தார்கள்.

“பன்னெண்டு.”

மடத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து நின்றார்கள். படகுத் தண்ணீரை இறைத்த கொட்டாங்குச்சியோடு மாடக்கண்ணும் வந்துவிட்டார்.

உமையாள் கையில் இருந்த இலைகளை எண்ணினாள். பதினெட்டு. மறுபடியும் எண்ணினாள். ஆறு, அப்புறம் பன்னிரண்டு. அப்படியென்றால் அடுத்தது… வாயால் சொல்லப் பயமாக இருந்தது. சொன்னால் ஓடிப்போய்விடுமோ என்று இருந்தது. ஒன்பதைப் பேராச்சியிடம் கொடுத்தாள். ஒன்பதைத் தான் வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது சுற்று. அவள் இந்தப் பக்கமாகவும் இவள் அந்தப் பக்கமாகவும் போனார்கள். மடத்துப் பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். உமையாளின் கையில் இலை தீர்ந்தது. பேராச்சியின் கையில் ஒன்று இருந்தது. தரையில் ஒரு சந்து இருந்தது.

“வையிட்டி” என்றாள் உமையாள்.

பேராச்சி வைத்தாள்.

கை காலி. தரையில் சந்து இல்லை. ஆறு மூலையும் ஆறு பக்கமுமாக முப்பத்தேழு இலைகள், ஒரு பெரிய பூ மாதிரி மலர்ந்து கிடந்தன.

“அட” என்றார் மாடக்கண்ணு. வெற்றிலையைத் துப்பக்கூட மறந்து நின்றார்.

உமையாள் சுற்றிச் சுற்றி நடந்தாள். நிற்க முடியவில்லை. “பேராச்சி, இங்க பாரு. நடுவுல இருந்து ஆறு பக்கமும் கோடு இழுத்தா ஆறு பங்கு. பங்குக்கு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஆறு இலை. ஆறு பங்குக்கும் ஆறு சட்டி. ஆளுக்கு ஆறு கரண்டி. மொத்தம் இருநூத்தி இருவத்திரெண்டு கரண்டி. அதை ஆறு சட்டியில சமமாப் போட்டா, சட்டிக்கு…” விரல்விட்டு எண்ணினாள். நிமிர்ந்தபோது கண் விரிந்திருந்தது. “சட்டிக்கு முப்பத்தேழு கரண்டிட்டி.”

“ஆறு பேருக்கு ஆறாறு முப்பத்தாறு போயிரும்” என்றாள் பேராச்சி. “சட்டிக்கு ஒரு கரண்டி நிக்குமேக்கா.”

“ஆறு சட்டியிலயும் ஒவ்வொரு கரண்டி நிக்கும்.”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நடு இலையைப் பார்த்தார்கள். அதற்கும் ஆறு கரண்டி. ஒரு பருக்கை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

உமையாள் அடுப்படிக்கு ஓடினாள். ஐம்பது வயதுப் பெண்பிள்ளை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடியதை மடமே வேடிக்கை பார்த்தது.

ஆள் உட்கார இடம்விட்டு இலைகளை அதே உருவத்தில் விரித்துப் போட்டார்கள். சோறு வெந்ததும் ஆறு பக்கமும் ஆறு சட்டி வந்தது. உமையாளையும் பேராச்சியையும் தவிர எல்லாரும் உட்கார்ந்தார்கள். நடு இலையில் யாரும் உட்காரவில்லை.

“அம்மை, வாங்க. நடுவுல நீங்கதான்” என்றாள் உமையாள்.

“நான் உக்காந்துட்டேனே” என்றாள் வடிவம்மை. அவள் இரண்டாவது சுற்றில் யாரோ இரண்டு பேருக்கு நடுவில் சம்மணம் போட்டிருந்தாள்.

“அப்ப பேராச்சி, நீ வா. அது உன் இலைதானே?”

“ஐயோ, நடுவுலயா? நான் மாட்டேங்க்கா. எல்லாரும் பாப்பாக. புள்ள அழுதான்னா எந்திரிச்சுப் போகணும். ஓரமா இருக்கேன்” என்று பேராச்சி கடைசிச் சுற்றில் ஒரு மூலை இலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கேட்டு வாங்கிய முதல் பொருள் அதுதான்.

மற்றவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எந்தப் பங்கிலும் சேராத இடம் அது. சட்டி இல்லாத இடம்.

“ஏன்க்கா நிக்கீங்க? உக்காருங்க” என்றாள் வடிவம்மை.

உமையாள் போய் உட்கார்ந்தாள். எத்தனையோ வருஷமாக அவளுக்கு முதல் வரிசையில் முதல் இலை. பக்கத்தில் இன்னார், எதிரில் இன்னார், சட்டி எந்தப் பக்கமிருந்து வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். இங்கே எந்தப் பக்கம் திரும்பி உட்காருவது என்றே தெரியவில்லை. வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஒரு நிமிஷம் பயமாகக்கூட இருந்தது. நடு இலையை மறந்து விட்டுவிட்டால் என்ன செய்வது?

வலது பக்கத்திலிருந்து ஒரு கரண்டி வந்து விழுந்தது. பின்னாலிருந்து ஒன்று. பிறகு இடது பக்கம். எதிர்ப்பக்கம் ஒன்று, அதற்கு அடுத்தது ஒன்று. ஆறாவது சட்டியைப் பேராச்சிதான் எடுத்துவந்தாள். அந்தப் பங்கில் எழுந்து நடக்கத் தோதான இடம் அவளுடையது. சட்டியைச் சாய்த்து, அடியில் ஒட்டியிருந்ததையும் வழித்து, கரண்டி நிறையப் போட்டாள்.

“போதுமாக்கா?”

உமையாள் ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டாள்.

கீழே துறையிலிருந்து மாடக்கண்ணு குரல் கொடுத்தார். “பொழுது போச்சு. புள்ள வருதா, நான் அவுக்கட்டுமா?”

உமையாள் எச்சில் கையோடு எழுந்து படிக்கட்டுக்கு ஓடினாள். “அவுத்துக்கிட்டுப் போரும் அண்ணாச்சி. அவ வரல. இங்கதான் இருப்பா.”

படகு நகர்ந்தது. உமையாள் அங்கேயே நின்று முற்றத்தைத் திரும்பிப் பார்த்தாள். சாய்ந்த வெயிலில் அந்தப் பெரிய பூவுக்குள் முப்பத்தாறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவள் இலை. எங்கேயும் ஓட்டை இல்லை, எங்கேயும் துருத்தவில்லை. முப்பத்தாறு எல்லாம் ஒரு எண்ணா? இதல்லவா எண்.

சாப்பிட்டு முடித்து, இலைகளை எடுத்த பிறகும் அவளால் அடங்க முடியவில்லை. வடிவம்மை கூடத்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மந்தாரை இலைகள் கிடந்தன. அவற்றை ஒன்றோடொன்று அடுக்கித் தைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மை, ஒரு விஷயம் சொல்லுதேன், கேளுங்க. நம்ம மடம் நெறைஞ்சுபோச்சு. இதுக்கு மேல ஒரு இலைகூட வைக்க எடமில்ல. ஒண்ணு கூடினாலும் அந்தப் பூ கெட்டுப்போகும். காலையில அண்ணாச்சி வந்ததும், இனிமே யாரையும் படகுல ஏத்தாதீரும்னு சொல்லிப்புடுவோம். என்ன சொல்லுதீங்க?”

வடிவம்மை இலையைத் திருப்பி, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு விரல் அளவுக்குத் தையல் பிரிந்திருந்தது.

உமையாள் அப்போதுதான் கவனித்தாள். முப்பத்தேழு பேருக்கும் மறுநாளைக்கான இலைகள் தைத்து, வெட்டி, கூடத்து மூலையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. இது அதில் இல்லாத இலை.

“இது யாருக்கு அம்மை?”

“பேரு இன்னும் தெரியல” என்றாள் வடிவம்மை. “அந்த ஈர்க்குல ஒண்ணு எடுத்துக் குடுங்க அக்கா.”